கயிறும் வாளியும் முன்னால் போகட்டும்

அக்காவிடம் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதக் கட்டில் பாதி, வீடு மாறுகிற கதை. ஆச்சரியமில்லை. மார்கழியில் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் புதுவீடு குடிபூர மாட்டார்கள். தை பிறந்தவுடன் எல்லாருக்கும் ஒரே அவசரம். நான் இடமாற்றத்திலேயே வாழ்ந்தவள். தபால் கந்தோர் மாறும்போதெல்லாம் வீடும் மாறும். மன்னார், வவுனியா, பருத்தித்துறை, கொக்குவில், இப்போது இணுவில். விரும்பி மாறியதும் விரட்டப்பட்டு மாறியதும் சேர்த்துப் பதின்மூன்று வீடு. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கேள்வி: அன்புள்ள அக்கா, பதினொரு வருடமாகக் கோண்டாவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அச்சுவேலிப் பக்கம் மூன்று பரப்புக் காணியில் எங்கள் வீடு முடிகிற கட்டத்தில் நிற்கிறது. தையில் குடிபூரல். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு இரண்டு வயது. மாமியும் எங்களோடுதான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கிறேன். மாமியோ தன்னுடைய பெட்டகம், ஆட்டுக்கல், உரல் ஒன்றையும் விடமாட்டேன் என்கிறார். (வாசகி, கோண்டாவில்)

பதில்: தங்கச்சி, மட்டைப்பெட்டி தேடிக் கடை கடையாய் ஏறி இறங்க முதல், ஒரு சனிக்கிழமை அச்சுவேலிக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள்.

ஏன் கிணற்றில் தொடங்குகிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரமும் அடங்கிய வலிகாமப் பகுதியை விட்டு எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். மழை. ஒன்றரை மணித்தியாலத்தில் கட்டிய மூட்டைக்குள் காணி உறுதி இருந்தது, பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன, அம்மாவின் கண்ணாடி இருந்தது, மண்ணெண்ணெய்க் குக்கர் இருந்தது, ஏனென்று தெரியாமல் ஒரு மேசைவிரிப்பும் இருந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கைதடிக்குப் போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு வளவில் இடம் தந்தார்கள். கிணறு நிறையத் தண்ணீர். அள்ளத்தான் ஒன்றும் இல்லை. அந்த வீட்டு வாளிக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். அம்மா மேசைவிரிப்பைக் கிழித்துத் திரித்து, யாரோ எறிந்த பால்மாப் பேணியில் கட்டித் தண்ணீர் எடுத்தார். ஆறு மாதம் கழித்து, 1996 சித்திரையில் வீடு திரும்பினோம். அதற்குப் பிறகு நான் மாறிய எந்த வீட்டுக்கும் முதலில் உள்ளே போவது கயிறும் வாளியும். சாமிப்படம் அடுத்ததுதான். பிள்ளையார் இதுவரை கோபிக்கவில்லை.

நீங்கள் மோட்டர் பூட்டியிருப்பீர்கள், மேலே தாங்கியும் வைத்திருப்பீர்கள். கரண்ட் போகிற நாளில் இரண்டும் பொம்மை. கிணற்றுக்கு மூடி போட்டிருந்தாலும் ஒரு வாளி இறங்கும் அளவுக்குத் திறக்கிற வழி இருக்கட்டும். கப்பியைக் கழற்றி விற்கவேண்டாம்.

சரி, தண்ணீர் எப்படியிருக்கிறது? அச்சுவேலி, புத்தூர், உரும்பிராய்ப் பக்கம் எல்லாம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் விளைகிற செம்மண். தோட்டத்துக்குப் போடும் உரத்தில் இருந்து வரும் நைத்திரேற்று மழையோடு மண்ணுக்குள் இறங்கும். கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கு வந்துவிடும். மலசலகூடக் குழியில் இருந்து வருவதும் அதே வழியில்தான். குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் பூமியில் அதைவிட எவ்வளவு கூட இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மூன்று பரப்புக் காணியில் உங்கள் குழியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பக்கத்து வளவுக்காரரின் குழி வேலிக்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு தேத்தண்ணீர் குடிக்கப் போகிற சாட்டில் விசாரியுங்கள். அயலட்டையும் பழக்கமாகும்.

கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது, வாய்க்கு ருசியாக இருக்கிறது என்பதெல்லாம் நைத்திரேற்று விஷயத்தில் செல்லாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடினால் முதலில் பாதிக்கப்படுவது பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகள்; இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாயும். உங்கள் சின்னவன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், ஆனாலும் பரிசோதியுங்கள். வீட்டுக்கு வந்துபோகிற பேரப்பிள்ளைகளும் ஒருநாள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும் என்று மாமி சொல்வார். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்றுக்குச் சரிவராது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வுகூடத்தில் கட்டணத்துக்குச் சோதித்துத் தருவார்கள். போத்தலை எப்படிக் கழுவுவது, எத்தனை மணிக்குள் கொண்டுவருவது என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கள்.

கட்டட வேலை நடந்த கிணற்றுக்குள் சீமெந்துப் பையும் பெயின்ற் தூரிகையும் கிடக்கும். குடிபூரலுக்கு இரண்டு கிழமைக்கு முதல் கலக்கி இறைத்து, குளோரின் போட்டு, மணம் போகும்வரை மறுபடி இறைத்துவிடுங்கள். தாங்கியையும் நிரப்பி ஒரு தரம் முழுதாகத் திறந்துவிடுங்கள், குழாய்க்குள் கிடக்கும் மண் வெளியே வரட்டும்.

ஐப்பசி மழை இப்போது பெய்கிறதே, இது உங்களுக்கு நல்ல காலம். கொட்டுகிற நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஒருமுறை போங்கள். ஒழுங்கையில் எங்கே வெள்ளம் நிற்கிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யன்னலுக்குக் கீழே சுவர் நனைகிறதா என்று அன்றைக்குத்தான் தெரியும். மேசன்மார் இன்னும் வேலையில் நிற்கும்போது கண்டால் அவர்கள் பாடு. தையில் கண்டால் உங்கள் பாடு. வளவில் கிடக்கும் சிரட்டை, பெயின்ற் வாளி, சீமெந்து குழைத்த தொட்டி எல்லாவற்றையும் அன்றே கவிழ்த்துவிட்டு வாருங்கள். மார்கழி, தையில்தான் எங்கள் பக்கம் டெங்கு தலைதூக்கும். நுளம்புக்குக் கட்டிமுடியாத வீட்டைப்போல வசதியான இடம் வேறில்லை.

இனி மாமியின் பெட்டகம். அதில் நான் மாமியின் பக்கம். ஆனால் அளவுநாடாவோடு. பருத்தித்துறையில் எங்கள் அலுமாரி அறைவாசலுக்குள் நுழையாமல் நான்கு வருடம் விறாந்தையில் நின்றது. வருகிறவர்கள் எல்லாரும் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பெட்டகத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதிக்கொண்டுபோய் ஒவ்வொரு வாசலிலும் பிடித்துப் பாருங்கள். நிலை போட்டு முடிந்தபிறகு வாசலை இடிக்க முடியாது. ஆட்டுக்கல்லையும் உரலையும் எங்கே வைப்பது என்று மாமியையே அங்கே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். குசினிக் கோடியில் அவர் காட்டுகிற இடத்தில் மேசன் ஒரு சின்ன சீமெந்துக் கட்டுக் கட்டித் தரட்டும், அரை நாள் வேலை. என் அம்மாவும் இணுவில் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நின்றவர்தான். கிணற்றடியில் தோய்க்கிற கல்லை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று மேசனோடு சண்டை பிடித்த அன்றைக்கு அந்த வீடு அவருடையதாகிவிட்டது. அதன்பிறகு நாங்கள்தான் அவருடைய வீட்டுக்குப் போனோம்.

சாமான் கட்டுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உடுப்புக்கு உரப்பை போதும், கழுவிக் காயவைத்தது. கண்ணாடிச் சாமானுக்குப் பழைய பேப்பரைவிடச் சேலையும் துவாயும் நல்லது, எப்படியும் அவற்றையும் கொண்டுபோகத்தானே வேண்டும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் கட்டுங்கள். பெரிய பெட்டியில் நிறைத்தால் தூக்குகிற தம்பிமார் மனதுக்குள் உங்களைத் திட்டுவார்கள். அடுக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள், கோண்டாவில் கறையானை அச்சுவேலிக்கு ஏற்றிக்கொண்டு போகவேண்டாம். பிரிட்ஜை நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். வழியில் சரித்துப் படுக்கவைத்தால் இறக்கியவுடன் பிளக்கைச் செருகாமல் சில மணித்தியாலம் நிமிர்த்தி வையுங்கள். மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா எல்லாம் வாய் இறுக்கிய பேணியில் உங்கள் கையோடு வரட்டும். தூள் போத்தல் உடைந்த லொறியில் மன்னாரில் இருந்து வவுனியா வரை தும்மிக்கொண்டே வந்தவள் சொல்கிறேன்.

ஒரு பையை மட்டும் தனியாகக் கட்டி வையுங்கள். தீப்பெட்டி, ரோச், தேயிலை, சீனி, கேத்தில், நாலு கோப்பை, சவர்க்காரம், நுளம்புவலை, மாமியின் மருந்து, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடுப்பு. முதல் இரவில் வேறெதையும் தேடமாட்டீர்கள்.

உறுதி, வரைபடம், சோலைவரி கட்டிய துண்டு, பிள்ளைகளின் சான்றிதழ், நகை, இவை எந்த வாகனத்திலும் ஏறக்கூடாது. உங்கள் மடியில் இருக்கவேண்டும். கோண்டாவில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மின்மானியைப் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முற்பணக் கணக்குப் பேசும்போது உதவும்.

பிறகு கிராம அலுவலர். பழையவரிடமும் சொல்லவேண்டும், புதியவரிடமும் பதியவேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயரை மாற்றுவதை 'ஆறுதலாகப் பார்ப்போம்' என்று விட்டுவிடாதீர்கள். சின்னவனை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கப் போகும்போது அந்த முகவரியில் எத்தனை வருடப் பதிவு இருக்கிறது என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். அவனுக்கு இப்போதே இரண்டு வயது, கணக்குப் பண்ணிப் பாருங்கள். கோண்டாவில் தபாலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுங்கள். தபாற்காரரிடம் வாயாலும் சொல்லுங்கள். நான் கந்தோரில் இருந்தவள், எழுதிக் கொடுத்ததைவிட வாயால் சொன்னது வேகமாக வேலை செய்யும்.

நாள் விஷயம். குடிபூரலுக்கு ஐயரிடம் கேளுங்கள், சாமான் ஏற்றப் 'பட்டா' என்கிற சின்ன லொறி வைத்திருக்கும் தம்பியிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று வீட்டுக்குள் இழுபறி வந்தால் உங்கள் கோவில் எதைப் பார்க்கிறதோ அதோடு நில்லுங்கள். சுபநேரம் பெரும்பாலும் விடியப்புறம் வரும். அன்றைக்கு நிறைகுடம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள், பால் காய்ச்ச ஒரு பானை, வந்தவர்களுக்குச் சாப்பாடு, இவ்வளவும் போதும். நாங்கள் பருத்தித்துறையில் எல்லாவற்றையும் ஒரு நாளில் வைத்தோம். நேரம் நெருங்கிவிட்டது, ஐயர் அவசரப்படுத்துகிறார், புதுப்பானை லொறியின் அடியில், அதற்கு மேல் கட்டில், கட்டிலுக்கு மேல் அந்த அலுமாரி. கடைசியில் பக்கத்து வீட்டு அன்ரியின் தேத்தண்ணீர்ச் சட்டியில் பால் பொங்கியது. நல்லாகத்தான் பொங்கியது. அந்த அன்ரி போன வருடம்வரை அதைச் சொல்லிச் சிரித்தார்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா மானிப்பாயில் கட்டிய மாடிவீடு ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. 'வாடகை வேண்டாம், போய் இருந்து பார்த்துக்கொள்' என்கிறார். மனைவிதான் தயங்குகிறாள். என்ன ஆயத்தம் செய்யவேண்டும்? (வாசகர், சண்டிலிப்பாய்)

பதில்: உங்கள் மனைவிக்குப் புத்தி இருக்கிறது தம்பி. தயங்கட்டும், ஆனால் போங்கள். ஆளில்லாத வீட்டை எலியும் கறையானும் தின்னும்.

சூட்கேசை எடுக்க முதல் ஒரு கடிதம் எழுதுங்கள். அண்ணாவின் அனுமதியோடு, வாடகையின்றி, வீட்டைப் பராமரிப்பதற்காக இன்ன திகதியில் இருந்து குடியிருக்கிறீர்கள் என்று. இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி. முடிந்தால் சட்டத்தரணி ஒருவர் பார்க்கட்டும். அண்ணா தம்பிக்குள் எதற்குக் கடிதம் என்று ஊர் கேட்கும். இலங்கைச் சட்டப்படி, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் இடைவிடாமல் ஆட்சியில் இருந்தவர் அந்த ஆதனத்துக்கு உரிமை கோரலாம். யாராவது ஒரு மச்சான் கனடாவில் ஒரு கலியாணவீட்டில் இதை அண்ணியின் காதில் போடுவார். அதோடு பேச்சு நின்றுவிடும். அனுமதிக் கடிதம் ஒன்று இருந்தால் அண்ணிக்கும் நித்திரை வரும், உங்கள் மனைவிக்கும் நித்திரை வரும்.

மின்கட்டணம் யார், மோட்டர் எரிந்தால் யார், மதிலுக்குப் பெயின்ற் யார் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். உள்ளே போகிற அன்று ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து அனுப்புங்கள். எலி கடித்த வயரை ஒரு மின்வேலைக்காரர் பார்த்தபிறகு மெயின் சுவிச்சைப் போடுங்கள். தாங்கியைக் கழுவமுதல் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவும் வேண்டாம். அண்ணா தன்னுடைய சாமான் என்று ஓர் அறையைப் பூட்டி வைத்திருப்பார், எல்லா அண்ணாமாரும் அப்படித்தான். மாதம் ஒருமுறை வீடியோ கோலில் அவர் பார்த்துக்கொண்டிருக்க அந்த அறையைத் திறந்து கூட்டிவிடுங்கள். திறக்காத அறையில் கறையான் ஏறினால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி: எனக்கு முதல் வேலை கொழும்பில். வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் எடுத்திருக்கிறோம். அம்மா அரைவாசி வீட்டைக் கட்டித் தந்துகொண்டிருக்கிறார். எப்படி நிறுத்துவது? (வாசகி, சுன்னாகம்)

பதில்: நிறுத்தாதீர்கள் பிள்ளை, தெரிவு செய்யுங்கள். பஸ்ஸிலோ யாழ்தேவி ரயிலிலோ நீங்கள் தனியாகத் தூக்கி இறக்கக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் என்று ஒரு சூட்கேசையும் ஒரு பையையும் அம்மாவின் முன்னால் வைத்துவிடுங்கள். மிச்சத்தை அவரே கழிப்பார். கட்டில், மேசை, வாளி எல்லாம் காலிவீதியில் வாங்கலாம். அம்மா இடித்த மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் பனாட்டும் கட்டாயம் போகட்டும். அங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் அது அம்மா இடித்ததில்லை.

இன்னொன்று. அங்கே குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர், களனி கங்கையில் இருந்து எடுப்பது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைப்போலச் சுண்ணாம்பு இல்லை. பருப்புச் சீக்கிரம் அவியும், சவர்க்காரம் ஒரேயடியாக நுரைக்கும், தேத்தண்ணீரின் ருசியும் வேறாக இருக்கும். முதல் கிழமை ஏதோ பிழை என்று நினைப்பீர்கள். சமையலில் பிழையில்லை.

கேள்வி: வாடகை வீட்டில் நான் வைத்த முருங்கையும் கறுத்தக்கொழும்பான் மாவும் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. விட்டுவிட்டுப் போக மனமில்லை. (வாசகர், நல்லூர்)

பதில்: முருங்கையில் கைமொத்தத் தடி நாலு வெட்டி, புது வளவில் மழை ஈரம் இருக்கும்போதே ஊன்றிவிடுங்கள். நாலில் இரண்டு பிடிக்கும். மாமரம் வீட்டுக்காரருக்கு. அடுத்த வைகாசியில் போய் உரிமையோடு இரண்டு பழம் கேளுங்கள், தராவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனால் வழி மறந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? (ஏழாம் வகுப்பு வாசகி, காரைநகர்)

பதில்: சாக்கில் கட்டாதீர்கள் செல்லம், மூச்சு முட்டும். காற்றுப் போகிற கூடையில் வைத்துப் பழைய துணி ஒன்றைக் கூட வையுங்கள். புது வீட்டில் இரண்டு மூன்று கிழமை வெளியே விடாமல், அதே கோப்பையில், அதே நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள். நான் மூன்றாம் நாளே கதவைத் திறந்துவிட்டேன். இணுவிலில் இருந்து பூனையைக் காணோம். கொக்குவில் பழைய வீட்டுக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்தால் கிணற்றுக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்தது. புதிதாக வந்த குடித்தனக்காரப் பிள்ளை அதற்கு மீன்தலை போட்டுக்கொண்டு, 'இது வீட்டோடு வந்த பூனையோ அக்கா?' என்று என்னிடமே கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.